இருபத்து மூன்று நிமிட யுத்தம்!

இருபத்து மூன்றே நிமிடம்! ஆலையில் சங்கு ஊதியதும் சாப்பிட உட்கார்ந்தவன், உண்டு முடித்துத் தூக்கைக் கழுவி வைக்கும் நேரம். அந்த நேரத்துக்குள் 28 டாங்கிகள், 16 கவச வண்டிகள், 30 லாரிகள் எரிந்து கரியாயின. எரித்தவர்கள் 140 பேர். அவர்களிடம் இருந்தவை 9 டாங்கிகளும் 12 பிராட்லி வண்டிகளும்தாம். அந்த 140 பேரில் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. இடம், ஈராக்கின் தென்கிழக்குப் பாலைவனம். நாள், 1991 பிப்ரவரி 26, மாலை.

இது கட்டுக்கதையல்ல தோழர்களே, நடந்ததுதான். "73 ஈஸ்டிங் சண்டை" என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க ராணுவக் கல்லூரிகளில் இது பாடம். போர் முடிந்த கையோடு அந்த இடத்துக்கு ஆட்களை அனுப்பி, ஒவ்வொரு வண்டியும் நின்ற இடத்தையும் ஓடிய தடத்தையும் அளந்து, கம்ப்யூட்டரில் அந்தச் சண்டையை மறுபடி நடத்திக் காட்டினார்கள். புதிதாகச் சேரும் அதிகாரி பொத்தானை அழுத்தினால் போதும், ஈராக்கியர் மறுபடி எரிவார்கள், மறுபடி வெற்றி!

நம் பத்திரிகைக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அக்கறை உண்டு. ஒரு யுத்தத்தை இருபத்து மூன்று நிமிடமாகச் சுருக்கிக் காட்டுகிறவன் எதையெதை வெட்டி எறிந்தான் என்று பார்ப்பது உழைப்பவர் கட்சிக்கு வேலை. டாங்கிக்குள் இருந்தவனும் உழைப்பவன், டாங்கியோடு எரிந்தவனும் உழைப்பவன் என்பதால் கூடுதலாகவே வேலை.

குதிரை போயிற்று, பெயர் நின்றது

அந்த 140 பேரும் சேர்ந்த படைக்கு "இரண்டாவது கவசக் குதிரைப்படை ரெஜிமெண்ட்" என்று பெயர். அதில் "ஈகிள் ட்ரூப்" என்ற பிரிவினர் அவர்கள். குதிரைப்படை என்றால் குதிரை எங்கே? குதிரை என்றைக்கோ போய்விட்டது. 1836ல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்தில் இந்தப் படை அமைக்கப்பட்டபோது குதிரை இருந்தது. எதற்காக அமைத்தார்கள்? ஃபுளோரிடாவில் செமினோல் என்ற பூர்வகுடி மக்கள் தங்கள் மண்ணை விட்டு வெளியேற மறுத்தார்கள். அவர்களை அடித்து விரட்டத்தான்! பிறந்த வேளையே அப்படி.

குதிரை இருந்த இடத்துக்கு டாங்கி வந்தது. வேலை மட்டும் மாறவில்லை. பெரும்படைக்கு முன்னே போக வேண்டும். எதிரி எங்கே இருக்கிறான் என்று தேட வேண்டும். கண்டதும் அவனை அங்கேயே பிடித்து நிறுத்த வேண்டும். பின்னால் வருகிறவன் வந்து முடிப்பான். ஒற்றனும் அவனே, முதல் அடி வாங்குகிறவனும் அவனே. அதுதான் குதிரைப்படைக்காரன் பிழைப்பு.

நாற்பதாண்டுக் காலம் இந்த ரெஜிமெண்ட் மேற்கு ஜெர்மனியில் நியூரம்பர்க் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு, செக்கோஸ்லோவாகியா எல்லையைக் காவல் காத்தது. சோஷலிஸ்ட் நாடுகளை நோக்கி இரவும் பகலும் குறிபார்த்துக்கொண்டு நின்ற துப்பாக்கி அது. 1989ல் பெர்லின் சுவர் விழுந்தது. குறிபார்க்க அங்கே ஒன்றும் இல்லாமற் போயிற்று. ஆயுதத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்களா? 1990 நவம்பரில் உத்தரவு வந்தது, சவூதி அரேபியாவுக்குப் புறப்படு என்று! காட்டிலும் பனியிலும் பழகிய பட்டாளம் கப்பலேறி மணலுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஏன் போயிற்று? 1990 ஆகஸ்டு 2ஆம் நாள் சதாம் உசேனின் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. சதாமுக்காக நாம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடப் போவதில்லை. ஈராக்கியக் கம்யூனிஸ்டுகளை 1978லும் 1979லும் வேட்டையாடிய கொலைகாரன் அவன். 1988 மார்ச்சில் ஹலப்ஜா ஊரில் குர்து மக்கள்மீது விஷவாயு குண்டு வீசியவன். அண்டை நாட்டைப் படை கொண்டு விழுங்கியது குற்றம், சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தக் கொலைகாரனுக்கு ஊட்டி வளர்த்தவன் யார்? 1980லிருந்து 1988 வரை ஈரானோடு அவன் நடத்திய யுத்தத்தில் அவனுக்குக் கை கொடுத்தவன் யார்? 1983 டிசம்பரில் ஜனாதிபதி ரீகனின் தூதராக டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் பாக்தாதுக்குப் போய்ச் சதாமின் கையைப் பிடித்துக் குலுக்கினாரே, அந்தப் படத்தை உலகமே பார்த்தது. கடனும் கிடைத்தது, உளவுச் செய்தியும் கிடைத்தது. இன்னும் கேளுங்கள். 73 ஈஸ்டிங்கில் ஈகிள் ட்ரூப்பை எதிர்த்து நின்ற ஈராக்கியத் தளபதி ஒரு மேஜர். சிறைப்பட்ட பின் விசாரித்தார்கள். அவர் ராணுவப் பாடம் படித்தது எங்கே தெரியுமா? அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்து ஃபோர்ட் பென்னிங் முகாமில்! வாத்தியாரும் மாணவனும் பாலைவனத்தில் சந்தித்துக்கொண்டார்கள்.

யுத்தத்துக்கு ஐ.நா. பாதுகாப்புச் சபையின் அனுமதி 1990 நவம்பர் 29ல் கிடைத்தது. எதிர்த்துக் கை தூக்கியவை இரண்டே நாடுகள், கியூபாவும் ஏமனும். சீனா ஒதுங்கி நின்றது. சோவியத் யூனியன்? அதுவும் ஆதரித்துத்தான் ஓட்டுப் போட்டது. எழுதவே மனம் கசக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். ஏழை ஏமனுக்கு அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டது. ஒரு கை தூக்கியதற்கு அபராதம்!

மணற்புயலுக்குள்ளே

1991 ஜனவரி 17ல் விமானத் தாக்குதல் தொடங்கியது. 38 நாள் இடைவிடாத குண்டுமழை. பிப்ரவரி 24ல் தரைப்போர். குவைத்துக்குள் நேராக நுழைவார்கள் என்று ஈராக்கியர் எதிர்பார்த்தார்கள். ஒரு பகுதி நேராகத்தான் நுழைந்தது. ஆனால் முக்கியப் படை மேற்கே வெகுதூரம் ஒதுங்கி, யாரும் இல்லாத பாலைவனத்தின் வழியே வடக்கே ஏறி, அப்புறம் கிழக்கே திரும்பி, ஈராக்கியரின் விலாவில் குத்தியது. அந்தப் படைக்கு ஏழாவது கோர் என்று பெயர். லட்சத்து நாற்பதாயிரம் பேருக்கு மேல். அதன் தளபதி ஜெனரல் பிராங்க்ஸ் வியட்நாம் யுத்தத்தில் காலை இழந்தவர். லட்சம் பேருக்கும் முன்னே வழி திறந்துகொண்டு போனது நம் கதையின் குதிரைப்படை ரெஜிமெண்ட்.

பாலைவனத்தில் வழி கண்டுபிடிப்பது எப்படி? சாலை இல்லை, மைல்கல் இல்லை, மரம் இல்லை. வரைபடத்தில் வடக்குத் தெற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு கோடு போட்டு நம்பர் கொடுத்திருந்தார்கள். அந்தக் கோட்டுக்கு ஈஸ்டிங் என்று பெயர். எழுபத்து மூன்றாம் நம்பர் கோட்டருகே நடந்ததால் "73 ஈஸ்டிங்". ஊர்ப் பெயர் கூட இல்லாத சண்டை! (ஒட்டகம் மேய்க்கிற பெதுவினுக்கு அந்த மேட்டுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். அவனை யார் கேட்டது?) செயற்கைக்கோளிலிருந்து வரும் சைகையைப் பிடித்து, நிற்கும் இடம் எந்தக் கோடு என்று சொல்லும் கருவி அமெரிக்கர் கையில் இருந்தது. ஈராக்கியரிடம் இல்லை. சாலையில்லாத மணலில் ஒரு பெரும்படை வழி தவறாமல் வந்து சேரும் என்று அந்த ஈராக்கிய மேஜர் நம்பவேயில்லை.

26ஆம் நாள் மாலை மணற்புயல் வீசிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு முன்னே செம்மண் திரை. அமெரிக்க விமானங்களால் உதவ முடியவில்லை. நாலு மணி கடந்தது. ஈகிள் ட்ரூப்பின் தலைவர் கேப்டன் எச்.ஆர். மக்மாஸ்டர், வயது 28. அவருக்கு இட்ட உத்தரவு, எழுபதாம் கோட்டில் நில் என்பது. முன்னே ஒரு சிறு மேடு. மேட்டின் மேல் டாங்கி ஏறியது. மறுபுறத்துச் சரிவில் ஈராக்கின் குடியரசுக் காவல்படையைச் சேர்ந்த தவக்கல்னா டிவிஷனின் டி-72 டாங்கிகள் வரிசையாக! மேடேறி வருகிறவனை உச்சியிலேயே அடிக்கலாம் என்று அப்படி நிறுத்தியிருந்தார் மேஜர். படித்த பாடம் வீண் போகவில்லை. நல்ல திட்டம்தான்.

ஆனால் அவருடைய ஆட்களுக்குக் கண் தெரியவில்லை. அமெரிக்க டாங்கியில் வெப்பத்தைக் கொண்டு உருவம் காட்டும் கண்ணாடி இருந்தது. புயலும் புகையும் இருட்டும் அதற்குத் தடையில்லை. மக்மாஸ்டரின் டாங்கி ஒன்றே முதல் பத்து வினாடிக்குள் மூன்று டாங்கிகளை அடித்தது. மற்ற எட்டும் அணிவகுத்து மேலேறின. ஈராக்கியச் சிப்பாய்களில் பலர் அப்போது டாங்கிக்குள்ளேயே இல்லை. ஒரு மாதத்துக்கு மேலாக விமானங்கள் டாங்கிகளைத் தேடித் தேடி அடித்ததால், டாங்கியில் படுப்பது சாவு என்று பக்கத்துப் பதுங்குகுழிகளில் இருந்தவர்கள். ஓடிவந்து ஏறுவதற்குள் முடிந்துவிட்டது. எழுபதில் நிற்க வேண்டியவர் எழுபத்து நாலாம் கோடு வரை போய்த்தான் நின்றார்.

ஓடிப் போனார்கள், கை தூக்கினார்கள் என்று அன்று அமெரிக்கப் பத்திரிகைகள் சிரித்தன. கை தூக்கியவர்கள் ஏராளம், உண்மை. ஆனால் தவக்கல்னா டிவிஷன் சும்மா சரணடையவில்லை என்பதை எதிர்த்துச் சுட்ட அதிகாரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். ஈகிளுக்கு வடக்கே நின்ற கோஸ்ட் ட்ரூப்பின்மேல் அன்று இரவு வெகுநேரம் வரை ஈராக்கியர் திரும்பத் திரும்பப் பாய்ந்தார்கள். அங்கே ஒரு பிராட்லி வண்டி அடிபட்டது. அதிலிருந்த சார்ஜண்ட் ஒருவர் மாண்டார். 23 நிமிடக் கதையைச் சொல்கிறவர்கள் இந்த இரவை இரண்டு வரியில் தாண்டிவிடுவார்கள்.

இருட்டிய பின் பெரும்படை குதிரைப்படையைக் கடந்து முன்னே சென்றது. நார்ஃபோக் என்று குறிப்பெயரிட்ட இடத்தில் அடுத்த சண்டை. எரியும் வண்டிகளுக்கு நடுவே நண்பன் யார், எதிரி யார் என்று தெரியாமல் அமெரிக்கரே அமெரிக்கரைச் சுட்டார்கள். அந்த யுத்தம் முழுவதிலும் சண்டையில் மாண்ட அமெரிக்கர் ஏறக்குறைய 150 பேர். அவர்களில் 35 பேர் செத்தது தம் பக்கத்துக் குண்டினால்! எல்லாம் தெரியும் கண்ணாடிக்கு, மனிதன் தெரிந்தான். யாருடைய மனிதன் என்பது தெரியவில்லை.

மூன்று பேர், நாலு பேர்

எந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எந்திரத்தோடு வாழ்கிறவர்கள் நீங்கள். உங்களுக்குச் சொன்னால் விளங்கும்.

அமெரிக்கரின் எம்-1 டாங்கியில் நாலு பேர். தலைவன், குறிபார்த்துச் சுடுகிறவன், வண்டியோட்டி, நாலாவதாகக் குண்டு போடுகிறவன். இந்த நாலாமவன் தூக்கிச் சுமக்கும் கூலிதான். கூடைக்குள் நின்றுகொண்டு, ஓடுகிற டாங்கியின் குலுக்கலில், ஏறக்குறைய இருபது கிலோ குண்டை அலமாரியிலிருந்து உருவித் திருப்பிப் பீரங்கிக்குள் தள்ள வேண்டும். சில வினாடிக்கு ஒன்று. கை தவறினால் விரல் போகும். குண்டு அலமாரி பின்புறம் தனியறையில், இரும்புக் கதவுக்குப் பின்னே. அந்த அறை வெடித்தால் மேல்தகடு பிய்த்துக்கொண்டு தீ வெளியே போகும். உள்ளே இருக்கிறவன் பிழைக்க வழியுண்டு.

டி-72ல் மூன்றே பேர். குண்டு போடும் வேலையை எந்திரம் செய்கிறது. ஓர் ஆள் மிச்சம், டாங்கியும் சிறிது, விலையும் மலிவு. ஆனால் குண்டுகளும் வெடிமருந்தும் சுழல்தட்டில் அடுக்கப்பட்டு இருப்பது எங்கே? சுடுகிறவனும் தலைவனும் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே! பக்கவாட்டில் ஒரு குண்டு துளைத்து உள்ளே போனால் மொத்தமும் வெடித்து, பல டன் எடையுள்ள தலைப்பகுதி ஆகாயத்தில் எழும்பி அப்பால் விழும். உள்ளே இருந்த மூவரைப் பற்றிச் சொல்ல வேண்டாம். பாலைவனத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்த டாங்கிகளின் படங்கள் உலகமெங்கும் வந்தன.

இந்த டி-72 நமக்கு அந்நியமல்ல. நம் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் நம் தொழிலாளர்கள் பல ஆண்டு கட்டிய டாங்கி இது. "அஜேயா" என்று பெயர் சூட்டி ராஜஸ்தான் பாலைவனத்துக்கு அனுப்பப்பட்டது. அந்தச் சுழல்தட்டைக் கையால் பொருத்தியவர்கள் இன்றும் அம்பத்தூரிலும் பட்டாபிராமிலும் பென்ஷன் வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள். 73 ஈஸ்டிங்கின் படத்தை அவர்கள் பார்த்தால், வெற்றி தோல்வி கண்ணில் படுவதற்கு முன்னே அந்த மூன்று இருக்கைகள்தான் படும். (அந்தத் தொழிற்சாலையை நடத்திய வாரியத்தையே 2021 அக்டோபர் முதல் நாள் கலைத்து ஏழு கம்பெனிகளாக வெட்டினார்கள், எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யக்கூடாது என்று அதே ஆண்டு சட்டமும் போட்டார்கள். அது தனிக் கதை. தனியே எழுத வேண்டியது.)

எம்-1 டாங்கி ஒரு மைல் ஓட ஏறக்குறைய இரண்டு காலன் எண்ணெய் குடிக்கும். நின்றுகொண்டிருந்தாலும் குடிக்கும். ஆகவே ஒவ்வொரு டாங்கி வரிசைக்கும் பின்னால் எண்ணெய் லாரி வரிசை. கவசம் கிடையாது, பீரங்கி கிடையாது. தகர உடம்போடு மணலில் புதைந்து புதைந்து வரும் லாரி. அதை ஓட்டியவனைப் பற்றி எந்தக் கல்லூரியிலும் பாடம் இல்லை. எண்ணெய்க்காக நடந்த யுத்தத்தில் எண்ணெய் சுமந்தவன் அவன்!

உள்ளே இருந்தவன் யார்?

அமெரிக்காவில் 1973லிருந்து கட்டாய ராணுவச் சேவை கிடையாது. விரும்பியவன் சேரலாம். விரும்பியவன் என்றால் யார்? கோடீசுவரன் வீட்டுப் பிள்ளை விரும்பவில்லை. மூடிய ஆலைகளின் ஊரில் வேலை கிடைக்காதவன் விரும்பினான். கல்லூரிச் சம்பளம் கட்ட வழியில்லாதவன், பட்டாளம் படிக்கப் பணம் தருமாம் என்று விரும்பினான். அமெரிக்க மக்கள் தொகையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேரே கறுப்பின மக்கள். வளைகுடாவுக்குப் போன துருப்புகளிலோ ஐந்தில் ஒருவர் அவர்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தது, வீட்டுக்குப் போகிறேன் என்றவனையும் 1990ல் ஓர் உத்தரவு போட்டு நிறுத்தி வைத்தார்கள். வரும்போது விருப்பம், போகும்போது விருப்பம் செல்லாது. நம் ஊரில் சில கம்பெனிகள் இப்படித்தான்!

எதிர்ப்புறத்தில் இருந்தவன் யார்? தவக்கல்னா போன்ற காவல்படைக்காரனுக்குச் சம்பளம் உண்டு, சலுகை உண்டு. எல்லைக் கோட்டில் குழி வெட்டி உட்கார வைக்கப்பட்டவனுக்கு அதுவும் இல்லை. பிடித்துக்கொண்டு வரப்பட்ட ஷியாக்களும் குர்துகளும் அவர்களில் ஏராளம். சதாமின் ஆட்சியில் அடிபட்ட அதே மக்கள், சதாமுக்காகச் சாக அனுப்பப்பட்டார்கள். தரைப்போர் தொடங்கிய நாளில் அமெரிக்க முதலாவது காலாட்படை டிவிஷன் அந்தக் குழிகளை எப்படிக் கடந்தது தெரியுமா? டாங்கிகளின் முன்னே கலப்பை மாட்டி, குழிகளின் ஓரமாகவே உழுது, மணலைத் தள்ளி மூடிக்கொண்டே போயிற்று. சரணடைந்தவர்கள் தப்பினார்கள். மற்றவர்கள் உயிரோடு மண்ணுக்குள் போனார்கள். உழவனின் கலப்பைக்கு வந்த கதியைப் பாருங்கள்! இச்செய்தி அமெரிக்கப் பத்திரிகையில் வெளிவந்தது 1991 செப்டம்பரில், வெற்றி ஊர்வலங்களெல்லாம் முடிந்த பிறகு.

இந்த மணலின் சூடு நம் வாசலையும் தொடாமல் விடவில்லை. குவைத்திலும் ஈராக்கிலும் சிக்கிக்கொண்ட இந்தியர் 1,70,000 பேருக்கு மேல், ஜோர்டானின் அம்மான் நகர் வழியாக விமானத்தில் ஊர் திரும்பினார்கள். கொத்தனார், டிரைவர், சமையற்காரர், கம்பி கட்டுகிறவர். கையிலிருந்த தினார் செல்லாக்காசு. 1991 ஜனவரியில் சந்திரசேகர் சர்க்கார் அமெரிக்க ராணுவ விமானங்கள் பம்பாயிலும் ஆக்ராவிலும் நம் சென்னையிலும் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொள்ள இடம் கொடுத்தது. நாடெங்கும் கண்டனம் கிளம்பிய பின்னரே நிறுத்தியது. வளைகுடாவிலிருந்து வந்த பணம் குறைந்தது, எண்ணெய் விலை ஏறியது, கஜானா காலியானது. 1991 ஜூலையில் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தார்கள்.

நூறு மணி நேரத்துக்குப் பின்

பிப்ரவரி 28ல் சண்டை நின்றது. நூறு மணி நேரத்தில் தரைப்போர் முடிந்தது என்று ஜனாதிபதி புஷ் அறிவித்தார். செலவுக் கணக்கு சுமார் 6,100 கோடி டாலர். அதில் 5,000 கோடிக்கு மேல் சவூதி, குவைத், ஜப்பான், ஜெர்மனி முதலிய நாடுகள் கட்டின. கூலிக்கு அடியாள் வைத்தது போல என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

அதற்கு இரண்டு வாரம் முன்னே, பிப்ரவரி 15ல், இதே புஷ் ஈராக்கிய மக்களை அழைத்துச் சொன்னார், உங்கள் விதியை உங்கள் கையில் எடுத்துச் சதாமை இறக்குங்கள் என்று. மக்கள் நம்பினார்கள். மார்ச் தொடக்கத்தில் பஸ்ரா எழுந்தது. தெற்கே ஷியாக்கள், வடக்கே குர்துகள். மார்ச் 3ல் சஃப்வான் என்ற இடத்தில் கூடாரம் அடித்துப் பேச்சுவார்த்தை. பாலங்கள் உடைந்துவிட்டன, ஹெலிகாப்டர் பறக்க அனுமதி வேண்டும் என்றார்கள் சதாமின் தளபதிகள். ஜெனரல் ஷ்வார்ஸ்காஃப் சரி என்றார். அந்த ஹெலிகாப்டர்கள்தாம் எழுந்த மக்களைச் சுட்டன. தென் ஈராக்கில் சாலையோரச் சாவடிகளில் அமெரிக்கச் சிப்பாய்கள் நின்றார்கள். அவர்களுடைய கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஊர்கள் எரிந்தன. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்களுக்கு ரொட்டியும் தண்ணீரும் கட்டுத்துணியும் கொடுக்கலாம்; சுடுகிறவனைத் தடுக்கக்கூடாது. அதுதான் உத்தரவு. 23 நிமிடத்தில் 28 டாங்கி அடிக்கத் தெரிந்த ராணுவம்!

மக்மாஸ்டருக்கு வெள்ளி நட்சத்திரப் பதக்கம் கிடைத்தது. அவர் அறிவாளிதான். வியட்நாம் யுத்தத்தில் ஜனாதிபதியும் மந்திரியும் தளபதிகளும் மக்களிடம் உண்மையை மறைத்தார்கள் என்று ஆதாரத்தோடு 1997ல் ஒரு புத்தகமே எழுதினார். 2017ல் ஜனாதிபதி டிரம்ப்புக்குத் தேசப் பாதுகாப்பு ஆலோசகராகப் போய், ஓராண்டுக்குச் சற்று அதிகமாக அங்கே இருந்துவிட்டு வெளியேறினார்.

மற்றவர்கள்? வளைகுடாவுக்குப் போன அமெரிக்கர் 6,97,000 பேர். ஊர் திரும்பிய சில மாதங்களில் அவர்களில் பலருக்குத் தீராத அசதி, மூட்டு வலி, தலைவலி, மறதி, வயிற்றுக் கோளாறு. டாக்டரிடம் போனால் மனக்கவலை என்றார்கள். ஈராக்கியர் கொளுத்திவிட்டுப் போன 600க்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளின் கரும்புகையைச் சுவாசித்தவர்கள் அவர்கள். யுரேனியக் கழிவைக் கொண்டு செய்த டாங்கிக் குண்டு சுமார் 300 டன் அந்த மண்ணில் சுடப்பட்டது. டாங்கியைத் துளைக்கும்போது அது தூளாகிப் பறக்கும். விஷவாயுவுக்கு முன்காப்பு என்று மாத்திரை வேறு விழுங்கச் சொன்னார்கள். 1991 மார்ச்சில் கமிசியா என்ற இடத்தில் ஈராக்கிய ஆயுதக் கிடங்கை அமெரிக்கரே வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதில் நரம்பைக் கெடுக்கும் விஷவாயுக் குண்டுகள் இருந்தன என்ற உண்மையை ராணுவத் தலைமை வெளியிட்டது எப்போது? 1996 ஜூனில். காற்று அடித்த திசையில் இருந்த துருப்புகள் லட்சம் பேர் வரை என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். நோய் மனத்தில் இல்லை, உடம்பில்தான், போனவர்களில் நாலில் ஒருவருக்கு அது உண்டு என்று அரசே அமைத்த ஆராய்ச்சிக் குழு 2008ல் அறிக்கை கொடுத்தது. பதினேழு ஆண்டு! ஆலையில் பஞ்சுத்தூசி தின்று நுரையீரல் போனவனுக்கு, அது வேலையால் வந்த நோய்தான் என்று சர்ட்டிபிகேட் வாங்க எத்தனை ஆண்டு அலைய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஈராக்கியரில் எத்தனை பேர் செத்தார்கள்? எதிரிப் பிணங்களை எண்ணி அறிவிப்பதில்லை என்று அமெரிக்க ராணுவம் முதலிலேயே முடிவு செய்திருந்தது. வியட்நாமில் எண்ணி எண்ணி வாயைக் கட்டிக்கொண்ட அனுபவம். யுத்தம் முடிந்ததும் நிருபர்கள் முப்படைத் தலைவர் ஜெனரல் பவலைக் கேட்டார்கள். அந்த எண்ணிக்கையில் தமக்குப் பெரிய அக்கறை இல்லை என்று பதில் வந்தது.

அக்கறை எடுத்துக்கொண்டது யார் தெரியுமா? அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இலாகாவில் சம்பளத்துக்கு வேலை பார்த்த இளம் பெண் ஊழியர் ஒருவர். ஈராக்கின் மக்கள்தொகையை மதிப்பிடுவது அவருக்கு இட்ட வேலை. மதிப்பிட வேண்டுமென்றால் செத்தவர்களைக் கழிக்க வேண்டுமே! உட்கார்ந்து கணக்குப் போட்டார். போரில் செத்த ராணுவத்தினர் 40,000. குண்டுவீச்சில் நேராகச் செத்த பொதுமக்கள் 13,000. மின்சாரம், குடிநீர், ஆஸ்பத்திரி அழிந்ததால் செத்தவர்கள் 70,000. எழுச்சி நசுக்கப்பட்டபோது செத்தவர்கள் 35,000. மொத்தம் 1,58,000. அதில் குழந்தைகள் மட்டும் 32,000க்கு மேல். 1992 தொடக்கத்தில் ஒரு நிருபர் கேட்டார், அவர் கணக்கைச் சொன்னார். இலாகா அந்தக் கணக்கைக் குறைத்துத் திருத்தியது. அவருக்கு வேலைநீக்க நோட்டீஸ் கொடுத்தது. அவர் பணிந்து போகவில்லை. வக்கீல்கள் வந்தார்கள், சகத் துறையினர் கண்டனம் எழுப்பினார்கள், பத்திரிகைகள் எழுதின. சில வாரங்களில் நோட்டீசைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.